கல்லிலே எழுதிய கணக்கு

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிடாத தமிழ் விழா மேடை அரிது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் கண்ட இனம் எமது இனம் என்ற முழக்கம் எமது செவிகளுக்கு நன்றாகப் பழகிப்போன ஒன்று. 2020 டிசம்பரில் புது தில்லியிற் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய இந்தியப் பிரதமரும் அதனை எடுத்துக்காட்டத் தவறவில்லை. கடல் கடந்து இங்கே, அன்புவழிபுரத்திலும் திருகோணமலையின் ஏனைய ஊர்களிலும், குடவோலை முறையை விளக்கச் சொன்னால் மாணவர் தயங்காது விளக்குவர். பானை, ஓலை, சிறுவன் ஆகிய மூன்றும் விடைத்தாளில் இருந்துவிட்டாற் புள்ளிக்குக் குறைவில்லை.

பெருமைப்படுவதை நாம் மறுக்கவில்லை. பெருமைப்படுவோர் அக்கல்வெட்டில் எதை எடுத்துக்கொண்டனர், எதை விட்டுவிட்டனர் என்பதே எமது விசாரணை. 2018இல் உள்ளூராட்சி மன்றங்களில் அமர்ந்திருந்தோர் பலர் 2025 மே 6ஆந் திகதி மறுபடியும் வாக்குக் கேட்டு நின்ற நாடு இது. பதவியில் இருந்தவன் மறுபடி பதவி நாடுவதற்கு அக்கல்வெட்டு விதித்த நிபந்தனையை மட்டும் எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை. அது ஏன்?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளவை இரண்டு கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபையார் செய்த தீர்மானங்கள் அவை. கல்வெட்டறிஞர் வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் அவற்றை வெளியிட்டார். நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் வரலாற்று ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்தார். இரண்டு தீர்மானங்களின்போதும் அரசனின் அதிகாரி ஒருவர் சபையாரோடு உடனிருந்திருக்கிறார். 919இல் வகுத்த விதி இரண்டாண்டுக்குள் திருத்தப்படுகிறது. வயதெல்லை 30 முதல் 60 என்றிருந்தது 35 முதல் 70 என்றாகிறது. நிறைவான ஒரு குடியாட்சி அமைதியாக நடந்துகொண்டிருந்த ஊரில் இவ்வளவு அவசரத் திருத்தத்துக்குத் தேவை இராது. சபைக்குள் பூசல் இருந்தது; பொதுச்சொத்தில் கைவைத்தவர் இருந்தனர்; அதனாலேதான் கல்வெட்ட நேர்ந்தது. 921ஆம் ஆண்டுத் தீர்மானம் தன் நோக்கத்தைச் சொல்லுமிடத்தில், ஊரிலுள்ள தீயோர் ஒழிந்து ஏனையோர் செழிக்க வேண்டும் என்ற கருத்தையே வைக்கிறது.

அடுத்து, அது தேர்தலே அன்று. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் அனைவரின் பெயர்களையும் ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். சபையார் அனைவரும் கூடியிருக்க, நம்பிமாரில் முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். சிறுவன் ஒருவன் ஓலை எடுத்தான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்பது விதி. இங்கு ஒருவரும் ஒருவருக்கு வாக்களிக்கவில்லை. திருவுளச் சீட்டு எடுத்தனர். வாக்காளர் இல்லாத இடத்தில் வாக்காளருக்கு இலஞ்சமும் இல்லை, வீடு வீடாகச் சென்று கும்பிடுதலும் இல்லை. விரித்த விரல்களைப் பற்றிய அந்த விதியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். விரலிடுக்கில் ஓலையை மறைத்து மாற்றிவிடும் வித்தை ஒன்று அந்த ஊரில் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். நடவாத குற்றத்துக்கு இத்தனை நுட்பமாக எவரும் சட்டம் எழுதுவதில்லை.

குடத்தில் ஓலை இடும் வழக்கம் சோழர் காலத்துக்கு மிக முந்தியது. மருதன் இளநாகனார் அகநானூற்று 77ஆம் பாட்டில் அதனை உவமையாக்குகிறார். கயிற்றாற் கட்டி முத்திரையிட்ட குடத்திலிருந்து ஆவண மாக்கள் ஓலையை வெளியே எடுப்பதுபோல, போர்க்களத்தில் மடிந்த வீரனின் குடரைப் பருந்து பிடுங்குகிறது என்பது அவ்வுவமையின் பொருள். குடவோலையின் தொன்மைக்கு இப்பாட்டைச் சான்று காட்டுவோர் உவமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உவமேயத்தை விட்டுவிடுகின்றனர். புலவருக்கு அந்தக் காட்சி குடியாட்சிப் பெருமையாகத் தோன்றவில்லை. பிணத்தின் குடலை நினைவூட்டியது. ஏன் என்று சொல்ல எமக்கு ஆதாரம் இல்லை. ஆயினும் அதிகாரிகள் கூடி முத்திரை உடைக்கும் காட்சியை அவர் கண்ட கண், மேடைப் பேச்சாளர் கண்ட கண் அன்று என்பது தெளிவு.

இனி, விட்டுவிட்ட பகுதிக்கு வருவோம். குடத்தில் எவர் பெயரை இடலாகாது என்ற பட்டியலே கல்வெட்டின் உயிர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை இடலாகாது. அவனோடு நிற்கவில்லை, அவன் தாயின் தமக்கை தங்கையர் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தான், தந்தையோடு உடன்பிறந்தான், தன்னோடு உடன்பிறந்தான், பெண்கொடுத்த மாமன், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தான், உடன்பிறந்தாளின் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என ஒரு கலியாண வீட்டுக்குரிய உறவு முழுவதையும் எண்ணி எண்ணி விலக்குகிறது கல். தமிழில் உறவுப் பெயர்களை இத்தனை கறாராகப் பயன்படுத்திய உரைநடை அதற்கு முன்பு உண்டோ என்று எமக்குத் தெரியாது. பின்பு நாம் கண்டதில்லை. அண்ணன் கணக்குக் காட்டாது விலகித் தம்பியை நிறுத்துவதும், மாமன் ஒதுங்கி மருமகனை இருத்துவதும் அக்காலத்தவர் நன்கறிந்த தந்திரங்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கணக்கை ஒழுங்காகக் காட்டியவனுக்கும் உடனே மறுவாய்ப்பு இல்லை. கடந்த மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவன் பெயரைக் குடத்தில் இடுவதில்லை. பதவிக்காலம் 360 நாட்கள். அதற்கிடையில் குற்றங் கண்டால் உடனே நீக்கம். ஊர்க்கணக்கு எழுதுவோனுக்குத் தனி விதி உண்டு. தான் எழுதிய கணக்கைப் பெரியோர் முன் ஒப்புவித்து, நேர்மையானவன் என்று காணப்பட்ட பின்பே அவன் அப்பதவிக்கு மீளலாம். தன் கணக்கைத் தானே முடித்துக் காட்ட வேண்டும். வேறொருவனைக் கொண்டு முடிக்கக் கூடாது. ஒரு சொத்துப் பட்டியலோ, ஒழுக்க உறுதிமொழியோ இங்கே கேட்கப்படவில்லை. நீ இருந்த காலத்து ஊர்ப்பணம் என்னாயிற்று என்ற ஒரே கேள்வி, மீண்டும் பெயர் கொடுக்கும் வாசலிலே நின்று கேட்கப்படுகிறது.

யாருக்குக் கணக்கு? இங்கேதான் எமது பாராட்டு தடைப்படுகிறது. குடத்திற் பெயர் இடம்பெற வரியிறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதங் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்க வல்லவனுக்கு நிலம் அரைக்காற் பங்காயினும் போதும் என்று சலுகை உண்டு. உழுது களைத்தவனுக்கு அத்தகைய சலுகை எதுவும் இல்லை. பெண்ணுக்கு இடமில்லை. தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்டவரோடு கூடிப் பழகியவனும் விலக்கப்பட்டோர் வரிசையில் நிற்கிறான். கணக்கைக் கேட்ட சபை நிலவுடைமைப் பிராமணரின் சபை; கணக்குக் காட்டியவரும் அவர்களே. உடைமையாளர் தமக்குள் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்கச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஏரி வாரியத்தார் ஏரிக் கணக்கை ஒப்புவித்தபோது, அந்த ஏரியிற் கூடை சுமந்து மண் அள்ளியவன் கேட்டுக்கொண்டிருக்க அங்கு இடமில்லை. எமது மாவட்டத்துக் கந்தளாயிலும் சோழராட்சிக் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் இருந்தது. அதன் பெருங்குறிப் பெருமக்களைக் கல்வெட்டு நினைவில் வைத்திருக்கிறது. கந்தளாய்க் குளத்து நீரில் நின்று வேலை செய்தவர்களை நினைவில் வைக்கக் கல் கிடைக்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மெட்காப் 1830இல் இந்தியக் கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று புகழ்ந்தார். தேசியவாதிகளுக்கு அப்புகழ்ச்சி இனித்தது. 1853இல் மார்க்ஸ் அதே கிராமச் சமுதாயத்தைச் சாதியாலும் அடிமைத்தனத்தாலும் மாசுபட்டதென்று கண்டார். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமக் குடியரசுக் கனவை முகத்துக்கு நேரே மறுத்தார். ஆயினும் மேடையில் இன்றுவரை வென்றிருப்பவர் மெட்காப்தான். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சொல்லைத் தமிழ்ப் பெருமையாக்கி நாம் ஒப்புவித்துக்கொண்டிருப்பது வேடிக்கை.

இக்காலத்து மன்றங்களும் கல்லில் எழுதுகின்றன. மதகு, பேருந்துத் தரிப்பிடம், வாசிகசாலைச் சுவர், கொங்கிரீட் இட்ட ஒழுங்கை எங்கும் ஒரு கல் பதிந்திருப்பதை இத்தீவின் எந்த ஊரிலும் காணலாம். இது எழுத்தாகையால் இலக்கிய விமர்சனத்துக்கு உட்பட்டதே. கல்லின் தலைப்பிற் கௌரவ என்ற அடைமொழி. அதன்பின் பெரிய எழுத்தில் ஒரு பெயர். அதன்பின் 'அவர்களின் நிதி ஒதுக்கீட்டில்' என்ற வேற்றுமைத் தொடர். இறுதியில் 'திறந்து வைக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை. இலக்கணம் படித்தவர் இத்தொடரை ஆராய்ந்து பார்க்க வேண்டும். 'அவர்களின் நிதி' என்பதில் வரும் ஆறாம் வேற்றுமை உடைமைப் பொருளைத் தருவது. நிதி யாருடையது? சந்தை வியாபாரியின் வரியும், ஆதனவரி கட்டும் வீட்டுக்காரரின் பணமும், அரசின் திரட்டு நிதியிலிருந்து வந்த மானியமும் ஒரே எழுத்துப்பிழையால் ஒருவரின் சொத்தாகிவிடுகின்றன. எத்தனை இலட்சம் ஒதுக்கப்பட்டது, எத்தனை செலவாயிற்று, ஒப்பந்தகாரர் யார் என்பவற்றுக்குக் கல்லில் இடமிருப்பதில்லை. உத்தரமேரூர்க் கல்லில் தகுதியற்றோரின் வரிசை பொறிக்கப்பட்டது. எமது கற்களில் வள்ளல்களின் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. மாரி மழையில் மதகு உடைந்தாலும் கல் உடையாமல் நிற்பதைக் கண்டவர் எம்மில் எத்தனை பேர்!

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1946ஆம் ஆண்டின் உள்ளூர் அதிகார சபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம், சபையோடு செய்த ஒப்பந்தத்தில் நேராகவோ மறைவாகவோ பயன் பெறுபவரைத் தகுதியற்றவராக்குகிறது. 2001இன் 17ஆவது திருத்தம் முதல், அரச சொத்தை வேட்பாளரின் வெற்றிக்காகப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் அதிகாரம் தேர்தல் ஆணைக்குழுவுக்கு உண்டு. சொத்து விவர வெளிப்படுத்தல் 1975இல் வந்து, 2023இன் ஊழலுக்கு எதிரான சட்டத்துள் அடங்கியது. அதே 2023இன் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தற் செலவுக்கு எல்லை கட்டி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவு விவரம் தரச் சொல்கிறது.

குறை எங்கே என்றால், இவை கேட்கும் காலத்தில். செலவு விவரம் வென்ற பின்பு கேட்கப்படுகிறது. அதுவும் வெல்வதற்குச் செலவழித்த பணத்தின் விவரம். சொத்து விவரம் அவரது பெட்டியைப் பற்றிக் கேட்கிறது. நான்காண்டு அவர் கையாண்ட ஊர்ப்பணத்தைப் பற்றி வேட்புமனு கொடுக்கும் மேசையில் ஒருவரும் கேட்பதில்லை. மைத்துனர் தம் பெயரிலேயே ஒப்பந்தம் எடுத்து, பயன் தமக்கே என்று சொல்லிவிட்டால், 921இன் சட்டத்துக்குத் தெரிந்த உறவு 1946இன் சட்டத்துக்குத் தெரிவதில்லை. தேர்தற் காலத்தில் தண்ணீர் பவுசரையும் பெக்கோ இயந்திரத்தையும் தடுத்து நிறுத்தலாம். பதவிக் காலம் முழுவதும் மதகோரத்தில் நின்று பிரசாரஞ் செய்த கல்லின் பேச்சை எந்தச் சுற்றறிக்கை திரும்ப வாங்கும்?

இதற்கு மேல் இன்னோர் இடி. 2018 பெப்ரவரி 10இல் தெரிவான மன்றங்களின் காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. 80,000க்கும் மேற்பட்டோர் வேட்பாளராகிக் காத்திருந்தனர். அவருட் சிலர் அரச ஊழியராகையால் தம் பணியிடத்துக்குத் திரும்பவும் வழியின்றி அல்லற்பட்டனர். 2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென்று தீர்த்தது. 2025இல் விசேட சட்டத்தால் பழைய வேட்புமனுக்கள் நீக்கப்பட்டுப் புதியவை பெறப்பட்டன. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேல் சபைகளை அதிகாரிகள் நடத்தினர். விலகியவரிடம் கணக்குக் கேட்க மக்களுக்கு இருந்த ஒரே கருவி வாக்கு; அதுவும் ஈராண்டு பூட்டப்பட்டுக் கிடந்தது. பூட்டு நீங்கியபோது 2018இன் கணக்கு எவருக்கு நினைவிருக்கும்? அவருட் பலர் புதிய சுவரொட்டியிற் புதிய முகத்தோடு வந்தனர்.

கணக்குக்கு முன் மாலை விழுவது எமது நாட்டுக்கே உரிய நோயும் அன்று. பழைய ஏதென்சில் அதிகாரி ஒவ்வொருவரும் ஆண்டிறுதியிற் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அதற்குமுன் அவருக்கு முடிசூட்டிப் பாராட்டலாகாது. கி.மு. 336இல் கிதெசிபோன் என்பான், நகர்மதில் பழுதுபார்க்கும் பொறுப்பில் இருந்த தெமொஸ்தனீசுக்குப் பொன்முடி சூட்ட முன்மொழிந்தான். கணக்கு முடியாத அதிகாரிக்கு முடியா என்று ஈஸ்கினிஸ் வழக்குத் தொடுத்தான். கி.மு. 330இல் நடந்த விசாரணையில் ஈஸ்கினிஸ் படுதோல்வியடைந்து நகரை விட்டே நீங்கினான். தெமொஸ்தனீசின் வாதம் சுவையானது: மதிலுக்குத் தன் சொந்தப் பணத்தையும் கொடுத்தேன், கொடைக்கு எதற்குக் கணக்கு என்றார். பேச்சுக் கலையின் சிகரமென்று உலகம் இன்றும் அவ்வுரையைப் போற்றுகிறது. நாமும் போற்றலாம், ஆனால் சட்டம் எதிராளியின் பக்கமே நின்றதாகப் பல அறிஞர் கருதுகின்றனர். நல்ல பேச்சு கணக்கை விழுங்கிவிடும் என்பதற்கு அது முதற் பாடம். தெமொஸ்தனீசாவது தம் பணத்தைக் கொடுத்தார். எமது மதகுக் கற்களின் நாயகர்கள் ஊர்ப்பணத்தைக் கொடுத்து அதே முடியைச் சூடிக்கொள்கின்றனர்.

விதி மட்டும் போதுமா என்று மாணவர் கேட்கக்கூடும். உத்தரமேரூர் இருக்கும் அதே தமிழ்நாட்டில் விடை உண்டு. 1992இன் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஊராட்சித் தலைமைகள் தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன, விதி அருமையானது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை அவ்விதி உயிர்பெற ஆதிக்க சாதியார் விடவில்லை. மனுக் கொடுக்க ஆளில்லை. கொடுத்து வென்றவர் மறுநாளே விலகவைக்கப்பட்டார். மேலவளவில் தலைவராகத் தெரிவான முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். குளத்து மீன் ஏலத்துக்கும் ஊர்ப் புறம்போக்குக்கும் கணக்குக் கேட்கும் நாற்காலி அது. அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதற்கே கொலை விழுந்தது. மண் சுமந்தவன் கணக்குக் கேட்கும் இடத்துக்கு வரும்வரை 919இன் சபைக்கும் எமது காலத்துக்கும் இடைவெளி பெரிதன்று.

இலங்கையில் அந்த இடத்துக்கு வர ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உண்டு. கால் வேலி நிலமும் வேதக் கல்வியும் அது கேட்பதில்லை. ஏன் கேட்கிறாய் என்ற காரணத்தைக்கூடக் கேட்பதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. தமிழாசிரியர்கள் ஆண்டுதோறும் விண்ணப்பக் கடிதம் எழுதப் பயிற்சி கொடுக்கிறோம். நூலகத்துக்குப் புத்தகம் வேண்டியும், தெருவிளக்கு வேண்டியும் மாணவர் பணிவோடு எழுதுகின்றனர். அடுத்த தவணையில் பொருளை மாற்றிப் பார்க்கலாம். வீட்டுக்கு அருகிலுள்ள மதகின் கல்லில் இருக்கும் திகதியைக் குறித்துக்கொண்டு, அதன் மதிப்பீட்டுத் தொகை என்ன, செலுத்தப்பட்ட தொகை என்ன, ஒப்பந்தகாரர் எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டார், வேலை முடிந்ததென்று சான்று அளித்தவர் யார் என்னும் நான்கு கேள்விகளை இலக்கணப் பிழையின்றி எழுதி, சபையின் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, முத்திரை ஒட்டி அனுப்பட்டும். பதில் எந்தத் தமிழில் வருகிறதென்று வகுப்பில் வாசித்து ஆராய்வோம்.